சர்க்கரை உள்ளவருக்கு ஃப்ளூ வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூவும் தலைதூக்கும். ஜனவரிக்குப் பிறகும் ஒரு சுற்று வருவதுண்டு. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் டைப் 2 சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கானவை. டைப் 1 உள்ளவர்களுக்கு மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் காய்ச்சல் தொடங்கிய அன்றே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

இது வெறும் சளியா, ஃப்ளூவா?

சளி மெல்ல வரும். முதல் நாள் தொண்டை கரகரக்கும், மறுநாள் மூக்கு ஒழுகும், ஆள் நடமாடிக்கொண்டுதான் இருப்பார். ஃப்ளூ அப்படி இல்லை. காலையில் வேலைக்குப் போனவர் சாயங்காலத்துக்குள் 102 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பு முழுக்க வலி, வறட்டு இருமல் என்று படுத்துவிடுவார். வைரஸ் தொற்றி 1 முதல் 4 நாளில் இது வெளிப்படும்.

வயதானவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக அடிக்காமலும் போகலாம். சாப்பாடு, மாத்திரை எதுவும் மாறாமல் இருக்கும்போதே வழக்கமாக 140 காட்டும் சர்க்கரை திடீரென்று 230 காட்டினால், உடம்பில் ஏதோ தொற்று புகுந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சில சமயம் இருமலுக்கு முன்பே மீட்டர் சொல்லிவிடும்.

எல்லோருக்கும் வரும் காய்ச்சல்தானே, சர்க்கரை இருந்தால் மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத உடம்பில் வெள்ளை அணுக்கள் மந்தமாக வேலை செய்யும். வைரஸ் நுரையீரலைப் புண்ணாக்கிய இடத்தில் பாக்டீரியா ஏறி நிமோனியா ஆகிவிடுவது இவர்களுக்கு அதிகம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, அங்கே அண்மை ஆண்டுகளில் ஃப்ளூவால் மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இதயத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் 6 மடங்கு கூடுவதாகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே காய்ச்சலோடு நெஞ்சில் பாரம் தெரிந்தால் ‘இருமி இருமி வலிக்குது’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஆனால் நடைமுறையில் பலரை மருத்துவமனைக்கு அனுப்புவது வைரஸ் மட்டுமல்ல. அந்த நாலைந்து நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தெரியாமல் செய்யும் குளறுபடிதான். இந்தப் பக்கத்தில் அதற்கே அதிக இடம்.

ரெண்டு நாளாகச் சாப்பிடவே இல்லை, சர்க்கரை எப்படி 280 காட்டும்?

தொற்று வந்ததும் உடம்பு கார்டிசால், அட்ரினலின், குளுககான் ஆகிய ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கும். இவை கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடும். இன்சுலின் வேலை செய்வதையும் தடுக்கும். வயிறு காலியாக இருந்தாலும் கல்லீரல் சும்மா இருக்காது. சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், நீர் வற்றும், நீர் வற்றினால் சர்க்கரை இன்னும் ஏறும். இந்தச் சுழலை உடைக்கத் தண்ணீர் ஒருபக்கம், இன்சுலினோ மாத்திரையோ இன்னொருபக்கம் வேண்டும்.

சாப்பிட முடியவில்லை என்றால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?

எல்லாவற்றையும் நிறுத்துவதும் தப்பு, எல்லாவற்றையும் போடுவதும் தப்பு. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பிராண்டுப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாத்திரையில் இரண்டு, மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின்: பெயர் ‘ஃப்ளோசின்’ என்று முடியும் இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடவோ குடிக்கவோ முடியவில்லை என்றால் முதலில் நிறுத்த வேண்டியவை இவைதான். நிறுத்தாமல் பட்டினியாகக் கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலத்தைச் சேர்த்துவிடும். மீட்டர் 180, 200 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடப்பதுதான் சங்கடம். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு தெரிந்தால் மீட்டர் என்ன காட்டினாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். 2020இல் டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு இது இங்கே பரவலாக எழுதப்படுகிறது. அதனால் ‘எனக்கு இருக்காது’ என்று விட்டுவிடாமல் அட்டையைப் பார்த்துவிடுங்கள்.

மெட்ஃபார்மின்: காய்ச்சல் இருந்தும் ஓரளவு சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்க முடிந்தால் தொடரலாம். வாந்தி, பேதி, நீர் வற்றல் இருந்தால் நிறுத்திவைக்க வேண்டும். சிறுநீரகம் தற்காலிகமாகச் சுணங்கும்போது மருந்து வெளியேறாமல் தங்கி, லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து உண்டு.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு: இவை சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தைக் கசக்கி இன்சுலின் எடுக்கும். சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை 70க்குக் கீழே சரியும். ஆனால் சர்க்கரை 250, 300 என்று ஏறிக்கிடக்கும்போது இவற்றை முழுதாக நிறுத்துவதும் சரியாக வராது. பாதிச் சாப்பாடு, ஏறிய சர்க்கரை என்றால் அளவை மருத்துவரிடம் போனில் கேட்டு முடிவு செய்யுங்கள். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையில் ஒன்றை மட்டும் நிறுத்த முடியாது என்பதால், தனி மாத்திரைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கலாம்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின்: தாழ்சர்க்கரை ஆக்காதவை. வாயில் தங்கினால் தொடரலாம்.

வோக்ளிபோஸ், அகார்போஸ்: சாப்பாடு இல்லாவிட்டால் இவற்றுக்கு வேலையே இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இவற்றோடு கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் வீட்டுச் சீனி உடனே வேலை செய்யாது, ஏனென்றால் சீனி செரிப்பதையே இந்த மருந்து தடுக்கிறது. குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு போன்ற ஊசி: குமட்டலும் வாந்தியும் இருக்கும் வாரத்தில் அடுத்த டோசைத் தள்ளிவைப்பது பற்றிக் கேளுங்கள்.

சர்க்கரை மருந்துகளோடு பிரஷர் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். டெல்மிசார்டன், ராமிப்ரில், நீர் பிரியும் மாத்திரை ஆகியவை வாந்தி பேதியோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஒன்றிரண்டு நாள் நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் என்ன செய்வது?

டைப் 1 உள்ளவர் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. ஒரு வாய் சாப்பிடாவிட்டாலும் கூடாது. காய்ச்சலில் வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் தேவைப்படும். கீட்டோன் ஏறினால், ஒரு நாளின் மொத்த இன்சுலினில் பத்தில் ஒரு பங்கை விரைவு இன்சுலினாகக் கூடுதலாகப் போடச் சொல்வது பொதுவான வழக்கம். மொத்தம் 40 யூனிட் என்றால் 4 யூனிட். உங்களுக்கான எண்ணை நல்ல நாளிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

30/70 கலப்பு இன்சுலின் போடுபவர்களின் பாடு கொஞ்சம் சிக்கல். அதில் சாப்பாட்டுக்கான பகுதியும் நாள் முழுக்க வேண்டிய பகுதியும் ஒரே புட்டியில் இருக்கின்றன. சாப்பிடாமல் முழு அளவு போட்டால் சர்க்கரை இறங்கும், போடாமல் விட்டால் ஏறும். எவ்வளவு குறைப்பது என்பது அப்போதைய சர்க்கரையைப் பொறுத்தது; கேட்டுத்தான் போட வேண்டும்.

நோயாளி படுத்திருக்கும்போது மகனோ மருமகளோ முதல்முறையாக ஊசி போட நேரும். அங்கே ஒரு பெரிய பிழை காத்திருக்கிறது. இங்கே இன்சுலின் புட்டி ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகையில் கிடைக்கிறது. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 புட்டியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், ஆளையே சாய்த்துவிடும். 40 புட்டியிலிருந்து ஆரஞ்சு மூடியில் 20 கோடு இழுத்தால் 8 யூனிட்தான் போகும். புட்டியையும் சிரிஞ்சையும் சேர்த்து ஒரே டப்பாவில் வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும்? கீட்டோன் எப்போது?

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை எடுப்பவர்கள் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் ஒருமுறையாவது. டைப் 1 என்றால் 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. மற்ற மாத்திரைகள் மட்டும் என்றால் நாளுக்கு நான்கு முறை போதும். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகு குத்துங்கள். ஆரஞ்சு உரித்த கையில் எடுத்த சொட்டு ஐம்பது, நூறு கூட்டிக் காட்டிவிடும்.

சர்க்கரை 240ஐத் தாண்டி நின்றாலோ வாந்தி இருந்தாலோ டைப் 1 உள்ளவர்களும் ‘ஃப்ளோசின்’ எடுத்தவர்களும் கீட்டோன் பார்க்க வேண்டும். சிறுநீர் ஸ்ட்ரிப்பை நனைத்து, உதறி, டப்பாவில் சொன்ன நொடிகள் கழித்து (பெரும்பாலும் 15) நிறத்தை ஒப்பிட வேண்டும். அதற்குமேல் விட்டால் நிறம் தானாகக் கறுத்து வீண் பயம் காட்டும். திறந்து ஆறு மாதம் ஆன டப்பாவை நம்ப வேண்டாம். விரலில் குத்தி இரத்தக் கீட்டோன் பார்ப்பவர்களுக்கு: 0.6க்குக் கீழே இயல்பு, 1.5ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேச வேண்டும், 3 என்றால் நேரே அவசரப் பிரிவு.

கையில் சர்க்கரை பார்க்கும் சென்சார் ஒட்டியிருக்கிறேன், அது போதாதா?

போக்கைப் பார்க்க நல்லது. ஆனால் சளி என்றதும் நாம் சப்பும் விட்டமின் சி மாத்திரை ஒவ்வொன்றும் 500 மி.கி. நாளுக்கு அதற்குமேல் போனால் லிப்ரே வகைச் சென்சார்கள் சிலவற்றில் சர்க்கரை உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து. காய்ச்சல் நாட்களில் இன்சுலின் கூட்டும் முன் விரலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கஞ்சி குடிக்கலாமா? ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை இருக்கிறதே?

இரண்டும் ஆகும். காய்ச்சலில் பட்டினி வேண்டாம். 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 40–50 கிராம் மாவுச்சத்து போனால் நல்லது. 30 கிராம் நொய்யில் வைத்த கஞ்சியில் சுமார் 24 கிராம் இருக்கும், ஒரு நடுத்தர இட்லியில் 12 கிராம். வடித்த கஞ்சித்தண்ணீர் சட்டென்று சர்க்கரையை ஏற்றும். பாசிப்பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்தால் கொஞ்சம் நிதானமாக ஏறும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி உள்ள ஓஆர்எஸ் ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. 200 மில்லி டம்ளரில் 2.7 கிராம். ஒரு பிஸ்கட்டைவிடக் குறைவு. பயப்பட வேண்டியது கடையில் பழச்சுவையோடு அட்டைப்பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களைத்தான். இவற்றின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பொடி பாக்கெட்டையே வாங்குங்கள், அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதிப் பாதியாகப் போட்டால் உப்பளவு தப்பும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம்.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ், அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108ஐ அழையுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ‘காய்ச்சலுக்கு ஒரு செட்’ வாங்கிப் போடலாமா?

வேண்டாம். அட்டையில்லாமல் கத்தரித்துப் பொட்டலம் கட்டித் தரும் அந்த செட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, மறுநாள் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. அதில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சலும் உடல்வலியும் ஒரே நாளில் மாயமாகும். சர்க்கரை 350ஐத் தொடும். ‘ஒரு ஊசி போட்டதும் சரியாப்போச்சு’ என்று சொல்லும் இடங்களிலும் இதே கதை நடக்கலாம். ஊசிக்கு முன் ‘இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?’ என்று கேட்பதில் தவறே இல்லை.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு ஆகாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்: 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும்; இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் பிரஷரை ஏற்றும். இருமல் மருந்தில் உள்ள சீனியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நாளுக்கு மூன்று தேக்கரண்டி சிரப்பால் வரும் ஏற்றம் இவற்றோடு ஒப்பிட்டால் சிறிது.

வைரஸுக்கே மருந்து இருக்கிறதா?

இருக்கிறது, ஓசெல்டாமிவிர். பெரியவர்களுக்கு 75 மி.கி. காலை, இரவு, 5 நாள். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் எச்1என்1 (பன்றிக்காய்ச்சல் எனப்படும் ஃப்ளூ வகை) வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. லேசான அறிகுறி இருந்தாலும் சர்க்கரை நோயாளி பி பிரிவில் வருவார். இந்தப் பிரிவினருக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கலாம் என்பதே அதன் நிலை. ஆகவே ‘மூணு நாள் பார்த்துட்டு வரலாம்’ என்ற பழக்கம் இவர்களுக்குப் பொருந்தாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் கூடியிருந்தால் அளவைக் குறைப்பார்கள், பலருக்கு 30 மி.கி. ஆகும். கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்.

டெங்குவாக இருந்தால்?

இரண்டும் ஒரே மழைக்காலத்தில் வருவதால் நியாயமான கேள்வி. இருமலோ மூக்கொழுகலோ இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, தோலில் சிவப்புப் புள்ளிகள் என்றால் டெங்கு பரிசோதனை செய்யுங்கள். வலி மாத்திரைகளைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம், இரத்தக்கசிவு கூடும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் போடுபவர்கள் அதைத் தொடர்வதா என்று அன்றே கேட்க வேண்டும்.

நிலவேம்பு, ஆவி பிடித்தல்?

கசப்பு சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பி, கஷாயம் குடிக்கும் நாளில் மாத்திரையை விடுபவர்கள் உண்டு, அது கூடாது. பனங்கற்கண்டோ கருப்பட்டியோ தேனோ போட்டால் அதுவும் சர்க்கரைதான்.

ஆவி பிடிப்பதில் பயம் வேறு. கால் மரத்துப்போனவர்கள் மடியிலோ தரையிலோ கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்துப் போர்வைக்குள் உட்காருகிறார்கள். பாத்திரம் சரிந்து பாதத்தில் கொட்டினாலும் சூடு உறைக்காது, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஃப்ளூவைவிட நீண்ட நாள் இழுக்கும். பாத்திரத்தை ஆடாத மேசையில் வையுங்கள்.

தடுப்பூசி எப்போது போடுவது? சர்க்கரை குறைந்த பிறகா?

சர்க்கரை குறையக் காத்திருக்க வேண்டாம். கட்டுப்பாடு இல்லாதவருக்குத்தான் இது இன்னும் அவசியம். கடும் காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் தள்ளிப்போடலாம். ஆண்டுக்கு ஒன்று, 0.5 மில்லி, மேற்கைத் தசையில். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதாலும் எதிர்ப்பாற்றல் மங்குவதாலும் போன வருட ஊசி இந்த வருடத்துக்கு ஆகாது. வேலை செய்ய சுமார் 2 வாரம் ஆகும், எனவே தமிழ்நாட்டில் செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. பெட்டியில் எந்த ஆண்டுக்கானது என்று அச்சிட்டிருக்கும், படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லாததால் பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும்.

ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஊசி போடுவதால் ஃப்ளூ வந்துவிடாது. கைவலி, லேசான காய்ச்சல், ஒன்றிரண்டு நாள் சற்றே ஏறிய சர்க்கரை இருக்கலாம். முட்டை ஒவ்வாமை தடையில்லை. மூக்கில் அடிக்கும் வகை உயிருள்ள வைரஸ். சர்க்கரை நோயாளிகள் ஊசி வகையையே கேளுங்கள். போட்ட கையில் அன்று இன்சுலின் வேண்டாம், வயிற்றில் போட்டுக்கொள்ளுங்கள். முதல்முறை போடும் 9 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை. நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி போட்டிருக்காவிட்டால் அதையும் அதே நாளில் மறுகையில் போடலாம்.

வீட்டில் பேரனுக்கு ஃப்ளூ. தாத்தாவுக்குச் சர்க்கரை.

அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவும், ஐந்து முதல் ஏழு நாள் வரை தொடரும். குழந்தைகளிடம் இன்னும் நீளும். தனி அறை இல்லாத வீட்டில் ஜன்னலைத் திறந்து, முகக்கவசம் போட்டு, படுக்கையையாவது தள்ளிப் போடுங்கள். தாத்தாவுக்குத் தடுப்பு மருந்தாக ஓசெல்டாமிவிர் வேண்டுமா என்று 48 மணி நேரத்துக்குள் கேளுங்கள். பேரனுக்கு ஆஸ்பிரின் எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

மூச்சுத் திணறல், ஆக்சிஜன் 94க்குக் கீழே, நெஞ்சுவலி, உளறல் அல்லது அளவுக்கு மீறிய தூக்கம், 4 மணி நேரத்துக்கு மேல் எதுவும் வயிற்றில் தங்காத வாந்தி, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, அடுத்தடுத்து இரண்டு முறை 300க்கு மேல் சர்க்கரை, திரும்பத் திரும்ப 70க்குக் கீழே இறங்குவது. இதில் ஒன்று போதும். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி அடித்து, சளி பழுப்பாகவோ இரத்தத்தோடோ வந்தால் நிமோனியா என்று எண்ணியே போக வேண்டும். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சந்தேகம் மட்டும் என்றால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

காய்ச்சல் விட்டது. நிறுத்திய மாத்திரைகளை எப்போது தொடங்குவது?

வழக்கம்போல் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆன பிறகு. வாந்தி கடுமையாக இருந்திருந்தால் கிரியாட்டினின் பார்த்துவிட்டு மெட்ஃபார்மினைத் தொடங்குவது நல்லது. இதை மறந்து மாதக்கணக்கில் நிறுத்தியபடியே விட்டுவிடுபவர்களும் உண்டு.

காய்ச்சலுக்காக இன்சுலினைக் கூட்டியவர்கள் எதிர்ப்பக்கம் கவனிக்க வேண்டும். தொற்று அடங்கியதும் உடம்புக்குப் பழைய அளவே போதும். கூட்டிய அளவை அப்படியே தொடர்ந்தால் காய்ச்சல் தொடங்கிய நாலாவது, ஐந்தாவது நாள் விடியற்காலையில் தாழ்சர்க்கரை வரும். காய்ச்சல் விட்ட முதல் மூன்று இரவுகள் அதிகாலை 3 மணிக்கு ஒருமுறை சோதித்து, 100க்குக் கீழே வந்தால் அன்றே அளவைக் குறைக்கக் கேளுங்கள்.